நேற்று யாரையெல்லாம் பார்த்தீர்கள்?

அந்த நாட்களில் யாரையும் பார்க்காமல் இருப்பது ஒரு பெருமையாக இருந்தது. "நேத்து ஒருத்தரையும் பார்க்கலைம்மா, வாசப்படி தாண்டலை" என்று சொல்லும்போது, போனின் மறுமுனையில் இருப்பவரின் குரல் பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் குரல்போல நிமிர்ந்துகொள்ளும். கேள்வி கேட்கும் அவள் அதை உடனே பதிவு செய்துவிட மாட்டாள். முதல் பதிலை நம்பக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சற்றுப் பொறுத்து, குரலை உயர்த்தாமல், அடுத்த கேள்வியைப் போட வேண்டும்: "வாசலுக்கு யாராவது வந்தாங்களா?"

அப்போதுதான் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். மருந்து கொண்டுவந்தவர், மீட்டர் பார்க்க வந்தவர், சாவி கேட்டு வந்த கீழ்வீட்டுக்காரர். "அவங்களையெல்லாமா சேர்க்கணும்?" என்று கேட்பார்கள். ஆளாகவே கணக்கில் வராத ஆட்கள் இத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்பதை அந்த ஒரு கேள்விதான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தது.

காய்ச்சல் பரவத் தொடங்கியதும் ஓர் ஆராய்ச்சிக்கூடம் ஆரம்பித்த கணக்கெடுப்பு அது. ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரை நேரில் பார்க்கிறார், எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு நேரம், போன வாரத்துக்கு இந்த வாரம் என்ன மாற்றம். இவை தெரிந்தால் காய்ச்சல் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிவிடலாமாம். அதே வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போன் போகும். காய்ச்சல் என்று சொன்னவர்களுக்கு மட்டும் தினமும். சேரும்போது அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்: கேட்டது வெளியே போகாது, பதில் சொல்பவர் தெரிந்தவராக இருந்தால் எண்ணை மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள். கதவைப் பூட்டிவிட்டு நான்கு படி இறங்கி, பூட்டினோமா என்று திரும்ப ஏறி வருகிறவள். அண்ணன் அவளுக்கு வைத்திருந்த பெயர் கணக்குப்பிள்ளை.

வீட்டிலும் அவள் வைத்ததே சட்டம். அதற்குக் காரணம் அம்மா. போன வருஷம் அம்மாவுக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்தார்கள். வந்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியம் என்று தள்ளிவிடாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் காவலையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். "இவங்களுக்கு மட்டும் இந்தக் காய்ச்சல் வந்துடக் கூடாது" என்று மருத்துவர் சொன்னபோது அவர் அவளைத்தான் பார்த்துச் சொன்னார். அதனால் உள் அறையில் அம்மாவும் அவளும். முன் அறையில் அண்ணன். நடுவில் இருந்த கதவுக்குத் தாழ்ப்பாள். சாப்பாட்டுத் தட்டை ஸ்டூலில் வைத்து அவள் கதவைத் தட்டிவிட்டு நகர்ந்ததும் அவன் எடுத்துக்கொள்வான். அம்மாவும் பிள்ளையும் பேச வேண்டுமானால், ஒரே கூரையின் கீழ், போனில்.

அண்ணன் தண்ணீர் கேன் போடுகிறவன். ஊர் முழுக்க வீட்டுக்குள் அடைந்த பிறகு அவனுக்கு வேலை இரட்டிப்பானது. "கேனை வாசல்ல வச்சு மணியை அடிச்சிட்டு இறங்கிடுவேன். ஒருத்தர் மூஞ்சியும் நான் பார்க்கறதில்ல. என்னைத் திருடன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்பான்.

அவள் அதை நம்பியிருந்தாள். அதுவும் ஒரு முதல் பதில்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்குப் புதிதாக ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் எண்கள் வந்திருந்தன. இரண்டாம் மாடியில் தையல்காரம்மா. "யாரும் வரலை" என்றாள் முதலில். பிறகு, "தண்ணி கேன் போடறவர் வந்தார். உள்ளே தூக்கிட்டு வந்து கவிழ்த்து வச்சார். எனக்குக் கை மணிக்கட்டு போச்சு, தூக்க முடியாது" என்றாள். அவ்வளவுதான், அவர் ஒருத்தர்தான் என்றும் சேர்த்துக்கொண்டாள். மூன்றாம் மாடியில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. "யாருமில்லீங்க. ஓ, அவரா? கேன்காரரையெல்லாம் எழுதுவீங்களா? அப்படின்னா ஒருத்தர்." அடுத்த வீட்டில் கைக்குழந்தைக்காரி. அங்கேயும் ஒருத்தர்.

ஒரு வீட்டுக்கு ஓர் ஆள். கேட்க எவ்வளவு பத்திரமாக இருக்கிறது. எல்லாக் கதவுகளுக்கும் அது ஒரே ஆள் என்பது மட்டும் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது.

நான்காம் மாடியில் எடுத்தவர் வயதானவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளைகள் வெளியூர். முதல் கேள்விக்கே நேராகப் பதில் சொன்னார்.

"நேத்து ஒருத்தரைப் பார்த்தேன். தண்ணி கேன் போடற தம்பி."

"எவ்வளவு நேரம் இருந்தார் சார்?"

"ஒரு ஆட்டம் செஸ். தோத்துட்டுத்தான் போனான். தோக்கறதும் தெரியாம ஆடுவான், பாவம்." சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. நெடுநேரம் இருமினார். "மன்னிச்சுக்கோம்மா. நேத்துலேருந்து இப்படித்தான். இன்னைக்கு உடம்பும் கொதிக்குது."

அவள் விரல் விசைப்பலகையில் நின்றது.

"நல்ல பையன்மா" என்றார் அவர் மூச்சு வாங்க. "கேனைத் தோள்ல வச்சுக்கிட்டு நாலு மாடியும் சீட்டி அடிச்சிட்டே ஏறுவான். இறக்கினதும் முதல் வேலையா சட்டைப் பையிலேருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்குவான். என்னமோ பொண்ணு பார்க்க வந்த மாதிரி. ரெண்டு நாளா என் குரலை நானே கேக்கலைடான்னு ஒருநாள் சொல்லிட்டேன். அதுலேருந்து ஒரு ஆட்டம் ஆடாம போறதில்ல."

சீட்டி. சீப்பு. நான்காம் மாடிப் பெரியவர் ஒருவருக்கு மீசை என்று பெயர் வைத்து அண்ணன் கதை கதையாகச் சொல்லியிருக்கிறான். காய்ச்சலுக்கு முன்னால் வாசலில் பார்த்த மீசை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மீதிக் கேள்விகளை எப்படிக் கேட்டு முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. உடனே மேற்பார்வையாளரை அழைத்தாள்.

"மேடம், பதில் சொல்றவர் தெரிஞ்சவர் இல்லை. ஆனா அவர் பதில்ல தெரிஞ்சவங்க யாராவது வந்தா?"

"வாயை மூடிக்கணும்" என்றாள் மேற்பார்வையாளர். நாலு இடத்தில் வேலை பார்த்துச் சலித்த குரல். "நாம வெளியே சொல்றோம்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும், நாளைக்கு ஊர்ல ஒருத்தர் உண்மை பேச மாட்டாங்க. அப்புறம் நீயும் நானும் ஈ ஓட்ட வேண்டியதுதான். காய்ச்சல்காரர் நம்பரை சுகாதார ஆபீசுக்கு அனுப்பிடு. அவங்க ஆள் போய், யாரைப் பார்த்தாருன்னு விசாரிச்சு, அந்த ஆளுங்களைப் பிடிப்பாங்க."

"எப்ப போவாங்க?"

"எனக்கென்ன தெரியும்? இன்னைக்கு இல்லை."

ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்துவிடுவான். உள்ளே அம்மா பழைய சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

நடுக்கதவுதான் இருக்கிறதே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் குளியலறை ஒன்று. குழாய் ஒன்று. அது வேறு கேன்காரனாக இருந்தால்? சீட்டி அடிக்கிறவர்கள் உலகத்தில் ஒருவர்தானா? சொல்லவும் கூடாது, சொல்லாமலும் இருக்க முடியாது. சொன்னால் அந்தப் பெரியவர் அவளை நம்பிச் சொன்ன சொல்லை அவள் தெருவில் கொட்டினதாகும். சொல்லாவிட்டால்... மேலே நினைக்க அவளுக்குத் தெம்பில்லை. எழுந்து போய் வாசல் கதவை உள்ளே தாழிட்டாள். சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

படியில் சீட்டிச் சத்தம் ஏறி வந்தது. சாவி திரும்பியது. கதவு அசையவில்லை.

"யாருடி உள்ளே தாழ் போட்டது? கணக்குப்பிள்ளையா?"

"நான்தான்."

"எதுக்கு? வேர்த்து நாறுறேன். தொற."

அவள் கதவோடு ஒட்டி நின்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல், தினமும் எதைச் சொல்கிறாளோ அதையே சொன்னாள். போனில் பேசும் குரலில்.

"வணக்கம். உங்ககிட்ட சில நிமிஷம் பேசலாமா?"

"லூசு பிடிச்சிருச்சா உனக்கு?"

"நேத்து நீங்க யாரையெல்லாம் நேர்ல பார்த்தீங்க?"

"நீங்களா? எப்பலேருந்து இந்த மரியாதை?" சிரித்தான். "ஒருத்தரையும் பார்க்கலை மேடம். எழுதிக்கிட்டீங்களா? தொறங்க."

"கேனை வாசல்ல வச்சுட்டு வந்த வீடு எது, உள்ளே தூக்கிட்டுப் போன வீடு எது?"

சிரிப்பு நின்றது.

"யாரு சொன்னா உனக்கு?"

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேக்கறது. பதில் சொல்ல விருப்பம் இல்லைன்னா சொல்லலாம்."

அவன் காலி கேனைப் படியில் வைக்கும் சத்தம் கேட்டது. அதன் மேலேயே உட்கார்ந்தான் போலிருக்கிறது.

"இங்க பாரு. ஒரு கேன் இருபது லிட்டர். அதைத் தூக்கித் தலைகீழாக் கவிழ்க்கணும். தையல்காரம்மா எப்படிக் கவிழ்ப்பாங்க? கையில கட்டுப் போட்டிருக்காங்க. அந்தப் பச்சைப்பிள்ளைக்காரி? வாசல்ல வச்சுட்டு வந்தா அது வாசல்லயேதான் கிடக்கும், அவங்க தண்ணி குடிச்ச மாதிரிதான். முகத்துல துணி கட்டிட்டுத்தான் போறேன்."

"எல்லா வீட்டுலயுமா?"

"ஆமா, துணி..." நிறுத்தினான். "மீசை வீட்டுல கழட்டிருவேன். துணி கட்டிட்டுப் பேசினா அவருக்குக் காது கேக்காது."

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"ஒரு ஆட்டம்."

"எவ்வளவு பக்கத்துல?"

"ஒரு செஸ் பலகை தூரம்." குரலில் இருந்த கிண்டல் பாதியில் வடிந்தது. அடுத்த கேள்வியை அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவனே சொன்னான். "நேத்து இருமினார். காயை நகர்த்தும்போதே இருமினார். தூசின்னு சொன்னார்."

மாடிப்படியில் யாரோ கதவைத் திறந்து, சத்தம் கேட்டு, உடனே சாத்திக்கொண்டார்கள்.

"ஏய்" என்றான் மெதுவாக. "அவருக்கு என்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

"நீ சொல்லலைன்னுதான் கேக்கறேன்."

அவள் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். மரம் சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ஒரு பலகை கனம்தான் நடுவில்.

"என்னையும் கேளு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மா நின்றிருந்தாள். நடுக்கதவைத் தானே திறந்துகொண்டு முன் அறைக்கு வந்திருந்தாள். கையில் ஊசியும் சட்டையும்.

"நீ ஏம்மா இங்க வந்தே? உள்ளே போ."

"ஊரையே கேக்கறியே, என்னை ஒரு நாளும் கேக்கலையே. கேளு."

அம்மாவே சொன்னாள்.

"விடியக்காலைல அவன் கிளம்பறதுக்கு முன்னாடி இந்த நடுக்கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துடுவேன். நீ அசந்து தூங்குவே. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நிலைப்படியில உட்கார்ந்துக்குவோம். அவன் முகத்தைப் பார்க்காம எனக்கு மாத்திரை தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"தினமுமா?"

"தினமும்."

"இன்னைக்குமா?"

"இன்னைக்கும்தான்."

"அம்மா, சொல்லாதன்னேன்ல" என்றான் அண்ணன் வெளியிலிருந்து, ஐஸ் திருடி மாட்டிக்கொண்ட பையனைப்போல.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை நாளாக மருந்துத் தண்ணீர் தொட்டுக் கைப்பிடிகளைத் துடைத்துத் துடைத்து அவள் விரல் நுனியெல்லாம் உரிந்திருந்தது. அவள் கட்டிய கோட்டைக்குள் இவர்கள் இரண்டு பேரும் தினமும் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது அதுவல்ல.

"எவ்வளவு பக்கத்துலம்மா?"

"கிட்டத்துலதான்" என்றாள் அம்மா. "தலையைத் தொடற தூரத்துல."

பிறகு அவள் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்த மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டார். நேற்றுத்தான் அவன் அந்த வீட்டில் இருந்தான் என்றால், இன்று காலைக்குள் அவனிடமிருந்து அம்மாவுக்குத் தொற்றியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் பெரியவர் அதற்கு முன்பே காய்ச்சலை உள்ளுக்குள் வைத்திருந்தாரா என்று யாருக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒரு வாரம் காலையும் மாலையும் சூடு பார்க்க வேண்டும். லேசாக ஏறினாலும் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். "மகன் இனிமே வீட்டுக்குள்ளே வரக் கூடாது."

அவள் வெளியே கேட்கும்படி அதை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"சரி" என்றான் அண்ணன். வேறு யாரோ கேன் எத்தனை வேண்டும் என்று சொன்னதற்குத் தலையாட்டுவதுபோல. பிறகு கேன் நிரப்பிக் கொடுக்கும் டிப்போக்காரருக்குப் போன் போடுவது கேட்டது. "அண்ணே, நாளையிலேருந்து என் லைனுக்கு வேற ஆளைப் போடுங்க. கேனை வாசல்லயே வைக்கச் சொல்லுங்க. ஆமாண்ணே, கறாரா. உடம்புக்கு ஒண்ணுமில்ல, வராமப் பார்த்துக்கறேன்." போனை வைத்துவிட்டுக் கதவைத் தட்டினான். "போர்வையும் ரெண்டு சட்டையும் கொடு."

"எங்க போவே?"

"மீசை வீட்டுக்குத்தான். எனக்கு ஒட்டியிருந்தா ஒட்டினதுதான். எங்கேயாவது ஒரு கதவுக்குப் பின்னாடி கிடந்துதானே ஆகணும்? அவருக்கு வெந்நீர் வச்சுக் கொடுக்க ஒரு நாதி கிடையாது. அங்கேயே கிடக்கறேன்."

"அண்ணா, ஒட்டலைன்னா? போய் வாங்கிட்டு வரப் போறியா?"

"உன் கணக்குல நான் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கறேன்?"

அவள் மனதுக்குள் வீடுகளை எண்ணத் தொடங்கினாள்.

"இனிமே ஒருத்தர்" என்றான். "உனக்கும் எழுதச் சுலபம்."

அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு அவள் பையைக் கட்டினாள். பொத்தான் தைத்த சட்டையும் அதில் போயிற்று. அவன் சில படிகள் இறங்கி நின்றான். அவள் கதவைத் திறந்து பையை வைத்தாள். உடனே சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. வாரக்கணக்கில் அவள் அவனை முழுசாகப் பார்த்ததே இல்லை. கதவிடுக்கில் கை, தட்டில் விரல், அவ்வளவுதான். தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கி, கன்னம் ஒட்டி, வேறு ஆள் மாதிரி இருந்தான். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டான்.

"போதுமா அழகு? சாத்து."

அந்த வாரம் வீட்டில் வெப்பமானி ஒன்றுதான் பேசியது. அம்மா அதை வாயில் வைத்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். சுகாதார ஆபீஸ்காரர்கள் பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சோதனை எடுத்தார்கள். அவருக்கு அதே காய்ச்சல்தான் என்று உறுதியாயிற்று. அண்ணனுக்கு முதல் சோதனையில் ஒன்றும் இல்லை. அவனோடு அம்மா தினமும் போனில் பேசினாள். "ராஜா மாதிரி இருக்கேன்" என்பான். ஆனால் அண்ணன் எது கேட்டாலும் முதலில் என்ன சொல்வான் என்று அவளுக்கு இப்போது தெரியும். அதனால் அவள் மீசைக்குப் போன் போடும் நேரத்துக்காகத்தான் காத்திருந்தாள். காய்ச்சல்காரர் என்பதால் தினமும் அவரை அழைக்க வேண்டியிருந்தது. அந்த எண்ணை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுவதுதான் நியாயம். ஒவ்வொரு நாளும் நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

"நேத்து எத்தனை பேரைப் பார்த்தீங்க சார்?"

"ஒருத்தர்."

"எவ்வளவு நேரம்?"

"நாள் பூரா. இப்போ ஆட்டத்துல கொஞ்சம் தேறிட்டான், நேத்து என் மந்திரியையே தூக்கிட்டான்."

தையல்காரம்மாவின் முறையும் வந்தது. "யாரையும் பார்க்கலை" என்றாள் வழக்கம்போல. பிறகு, "மூணாம் மாடிப் பையன் வந்து கேனைக் கவிழ்த்துட்டுப் போனான். இத்தனை வருஷமா ஒரே படியில ஏறி இறங்கறோம், அவன் பேரே இப்பத்தான் தெரியும்" என்றாள்.

மருத்துவர் சொன்ன கெடு முடிந்த காலையில் அம்மாவுக்கு உடம்புச் சூடு சரியாக இருந்தது. ஏதும் ஏறவில்லை. அவள் வெப்பமானியை உதறி, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பெரியவர் போனை எடுத்தார். குரல் நன்றாகத் தெளிந்திருந்தது. கேள்விகள் முடிந்தன. வைத்துவிட வேண்டியதுதான்.

"சார், உங்களோட இருக்கறவருக்கு இருமல், காய்ச்சல் ஏதாவது?"

"இது புதுக் கேள்வியாச்சே."

"இன்னைக்குத்தான் சேர்த்திருக்காங்க சார்." பொய் சொன்னதும் காது மடல் சுட்டது.

அவர் சட்டென்று குரலைத் தணித்தார். "நேத்து சாயங்காலத்திலேருந்து காயுதும்மா. பக்கத்து அறையில படுத்திருக்கான். வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், தங்கச்சி ஒண்ணு இருக்காம், பயந்து செத்துடுமாம். உங்ககிட்ட சொல்லலாம். நீங்க வெளியே சொல்ல மாட்டீங்களே."

"மாட்டோம் சார்" என்றாள்.

போனை வைத்தபோது நடுக்கதவு திறந்திருந்தது. இப்போதெல்லாம் அது திறந்தேதான் கிடந்தது. அம்மா நிலைப்படியில், வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு போன்ல? ஏன் உன் முகம் இப்படி இருக்கு? அவன் நல்லா இருக்கானா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அதுதான் சுலபம், அதைத்தான் அவனும் சொல்வான். அவள் எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் அதே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"அவனையே கேட்டுடலாம்மா."

அண்ணனின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை இருவருக்கும் நடுவில் வைத்தாள். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தான். "ராஜா மாதிரி இருக்கேன்" என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே.

"வணக்கம்" என்றாள் அவள், தினமும் பேசும் அந்தக் குரலில். "உங்ககிட்ட சில நிமிஷம் பேசலாமா?"

அந்தப் பக்கத்திலிருந்து, அடக்கப் பார்த்தும் அடங்காமல் ஓர் இருமல் வந்தது, பின்னாலேயே இன்னொன்று. அம்மாவின் கை அவள் முழங்காலைப் பற்றியது.

"கேளு" என்றான்.